மனு மேசை: இந்த இதழில் முகாம் பற்றிய கேள்விகள்

சென்ற இதழில், உச்சப்பட்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக நான் அடித்துக் கொடுத்த மனுவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். ஆறுதலாக எழுதியவர்கள் உண்டு, கோபமாக எழுதியவர்களும் உண்டு. அதனால் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முகாம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே தட்டச்சுப் பொறியோடு முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்து மனு எழுதுகிறவள் நான். வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் மனுக்களோடு அலைந்து தெரிந்துகொண்டதுதான்.

“முகாமில் இருப்பவர்களுக்கு அரசு வீடு கட்டித் தருகிறது, அரிசி தருகிறது, மாதாமாதம் பணமும் தருகிறது. எங்கள் தெருவில் கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்கு இது எதுவும் இல்லை. இன்னும் என்ன உரிமை கேட்கிறார்கள்?”
— மளிகைக் கடைக்காரர், உசிலம்பட்டி

அண்ணே, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இவர்களுக்காக 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரியது. பணக்கொடையும் கூடியது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு 750, 1,000 ஆனது. பிள்ளைகளுக்கு 400, 500 ஆனது. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இதெல்லாம் நல்ல காரியம்தான், மறுக்கவே மாட்டேன். அதற்கு முன்னால் பத்துக்குப் பத்து அறையில், நடுவில் சேலையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மகன் மருமகளும் மறுபக்கம் பெரியவர்களுமாக இருபது வருடம் படுத்து எழுந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். அதை வைத்து மதுரையில் யாரும் குடும்பம் நடத்த முடியாது என்று கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். சாரத்தில் தொங்கிக்கொண்டு நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்கு வெள்ளையடிப்பவர்களில் பாதிப்பேர் முகாம் ஆட்கள்தானோ என்று எனக்குத் தோன்றும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வீட்டுக்கு அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. சம்பாதித்து ஒரு சென்ட் நிலம் வாங்கலாம் என்றால், இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இங்கே சொத்து வாங்க முடியாது. ஓட்டு இல்லை. அரசு வேலைக்குத் தேர்வு எழுத முடியாது. பாஸ்போர்ட் இல்லை. முகாமில் ஆள் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கும் கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இதே உச்சப்பட்டி முகாமில் 2016 மார்ச்சில், மருத்துவமனையில் கிடந்த மகனின் பெயரைப் பதிவது பற்றிக் கணக்கெடுப்பின்போது எழுந்த வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் உயிரை விட்டார். மதுரைக்காரர்கள் பலருக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் திருவாதவூர் முகாமிலிருந்து ஒருவர் வந்தார். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயிண்ட். கோயம்புத்தூரில் இரண்டு மாத வேலை கிடைத்திருக்கிறது, போய்வர அனுமதி வேண்டும், அதுவரை பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடக் கூடாது என்று மனு. நான் எப்போதும்போல ஆரம்பித்தேன்: ‘ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்.’ கடைசி வரிக்கு வந்து ‘கருணை கூர்ந்து’ என்று அடித்துக்கொண்டிருந்தபோது, தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“அக்கா, உந்தச் சொல்லு வேண்டாமே. நான் வேலைக்குப் போகத்தானே கேக்கிறன்.”

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. நான் கார்பனோடு சேர்த்து மூன்று தாளையும் உருவிவிட்டு, புதுத் தாள் செருகி முதலிலிருந்து அடித்தேன். ‘அனுமதி வழங்கி உத்தரவிடக் கோருகிறேன்.’ அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் எவருடைய மனுவிலும் ‘கருணை கூர்ந்து’ அடிப்பதில்லை, நம் ஊர்க்காரர்களுடைய மனுவிலும்கூட.

அவர்கள் கேட்பது இதைத்தான், அண்ணே. கொடுக்கிற அரசு நல்ல மனதோடு கொடுக்கிறது. நாளைக்கு வேறு மனதுள்ள ஒருவர் வந்து நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்க அவர்கள் கையில் ஒரு சட்டம் இல்லை. உங்கள் தெருவில் கூரை ஒழுகுகிறவர் கவுன்சிலரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றி ஓட்டுப் போடலாம். அவரை என்னிடம் அனுப்பி வையுங்கள். அவருடைய வீட்டு மனுவையும் நானே அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

“அகதி, புகலிடம் கோருபவர், சட்டவிரோதக் குடியேறி. மூன்றையும் செய்தித்தாளில் ஒரே ஆளுக்குப் போடுகிறார்கள். எது சரி?”
— கல்லூரி மாணவி, மேலூர்

பயந்து ஓடிவந்து ‘எனக்கு இங்கே இடம் தாருங்கள்’ என்று கேட்டு, அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்காமல் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். ‘ஆமாம், இவர் உயிருக்குப் பயந்துதான் வந்தார்’ என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர் அகதி. இது உலக வழக்கு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையும் 1967-ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தமும் இப்படித்தான் பார்க்கின்றன. ஆபத்து இருக்கும் இடத்துக்கே ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி.

இந்தியா இரண்டிலுமே கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. சுற்றுலா வந்து விசா முடிந்தும் தங்கிவிட்ட வெள்ளைக்காரருக்கும், 1990-இல் மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்த தாய்க்கும் ஒரே வெளிநாட்டவர் சட்டம். 1946-இல் போட்ட அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் அகதி என்ற ஒரு தனி வகை வரவில்லை. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவரை 2003-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. குண்டு விழும்போது யாரம்மா விசாவுக்கு வரிசையில் நிற்பது?

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9-ஆம் தேதிவரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்க முடியாது. முகாமில் பலர் அன்று ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அது குடியுரிமை தரவில்லை. 2022-இல் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்களுக்கு இந்தத் தேதி பொருந்தவும் பொருந்தாது.

“என் பக்கத்து வீட்டு அக்கா முகாமில் பிறந்தவர். அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்க வழி இருக்கிறதா?”
— தையல்காரர், திண்டுக்கல்

எப்போது பிறந்தார் என்று எழுதவில்லையே தம்பி. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே அவர் இந்தியக் குடிமகள். யாரும் புதிதாகத் தர வேண்டியதில்லை, ஏற்கெனவே அவருடையது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, அவர் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைக்கு வழக்கு கொண்டுவந்தார். 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில், முதல் ஓட்டு. விரலில் மையோடு இருந்த அந்தப் படத்தை நான் வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் ‘அப்ப எனக்கும் கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டார்கள்.

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்திருந்தால், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, முகாமில் பிறந்து, நம் பள்ளிக்கூடத்தில் சீவக சிந்தாமணி படித்து, சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் அழகரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இலங்கையைக் கண்ணால்கூடப் பார்க்காத இலங்கைக்காரர். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் அந்த நாட்டுக்கும் அவர் இல்லை. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான் இருக்கின்றன. இலங்கை இல்லை.

மலையகத்துக்காரர்கள், அதாவது இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், தேயிலைத் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தார்கள். கேட்காமலே பிரித்தார்கள். அப்படி இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்களில் எத்தனையோ பேர், கலவரம் வந்து கப்பலும் நின்றுபோகவே படகில் வந்து, முகாமில் அகதி என்று பதிவாகிவிட்டார்கள். இப்படி இந்திய வம்சாவளியான 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு 16 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அதனால் வீட்டில் பழைய காகிதம் எது இருந்தாலும் தேடச் சொல்லுங்கள். ஆனையூரில் ஒரு பாட்டி, ‘ஒண்டும் இல்லை மகள்’ என்று மூன்று முறை சொன்னார். நாலாவது முறை போனபோது, பரணிலிருந்து துருப்பிடித்த பால்மா டின் ஒன்றை இறக்கினார். உள்ளே பாலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பேண்டு. ரப்பர் உருகிப் பையோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிப் பிரித்தோம். நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய பிறப்பைப் பதிந்த துண்டுச் சீட்டு. அதோடு அவருடைய அப்பாவின் பெயரும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்ப் பெயரும் எழுதிய ஒரு படிவம். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துப் போய்விட்டது. ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம். அந்த மூன்று எழுத்தை வைத்து ஊரைக் கண்டுபிடித்து, அங்கே சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தோம். வேலை இன்னும் நடக்கிறது.

மண்டபத்திலோ வேறெங்கோ ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றால், பிறப்புப் பதிவேட்டின் நகலுக்கு முதலில் எழுதிப் போடச் சொல்லுங்கள். பிறகு லேமினேட் செய்யாதீர்கள், தயவுசெய்து. நகல் எடுக்கும்போதும் முத்திரை வைக்கும்போதும் சிரமம்.

“இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அகதிகளுக்காகக் கையெழுத்து வாங்குவது கோர்ட்டை அவமதிப்பது ஆகாதா?”
— ஓய்வுபெற்ற ஊழியர், மதுரை

ஆகாது ஐயா. (கையெழுத்து வாங்கும் மனு என்ன என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.) 2025 மே மாதம் ஒரு தனி வழக்கில், சிறைத் தண்டனை முடித்த ஒரு இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்டபோது நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன வார்த்தை அது. இந்தியாவில் எங்கும் குடியமரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்குத்தான் தருகிறது என்பது அங்கே சொல்லப்பட்ட சட்டம். அது அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவில் ‘குடிமகன்’ என்ற சொல்லே இல்லை, ‘எந்த நபரும்’ என்றுதான் இருக்கிறது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது, குடிமகனோ இல்லையோ, ஒவ்வொருவருடைய உயிரையும் காப்பது அரசின் கடமை என்று இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது.

இருக்கிற சட்டத்தைக் கோர்ட் சொல்கிறது. சட்டத்தை மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்திடம் கேட்பது நம் வேலை. அதைத்தான் செய்கிறோம்.

“அக்கா, நான் இங்கே பிறந்து இங்கேயே பொறியியல் முடித்தவன். இரண்டு கம்பெனியில் கடைசிச் சுற்றுவரை போனேன். முகாம் அட்டையைப் பார்த்ததும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். இப்போது அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போகிறேன். அடுத்த இன்டர்வியூவில் முகாம் என்பதையே மறைத்துவிடவா?”
— 24 வயது, ஆனையூர் முகாம்

தம்பி, உன் கடிதத்தை நான் இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மறைக்காதே. ஒழுக்கம் சொல்லிக் கொடுக்க இதைச் சொல்லவில்லை. மறைத்து வேலையில் சேர்ந்தால், நாளைக்குச் சரிபார்க்க ஆள் வரும்போது நீ தப்பு செய்தவன் ஆகிவிடுவாய். இப்போது நீ எந்தத் தப்பும் செய்யாதவன். அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதே.

பெரும்பாலான அதிகாரிகளுக்கு முகாம் அட்டை என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத காகிதத்தைப் பார்த்தால் ஆளைத் தவிர்ப்பதுதான் அவர்களுக்குச் சுலபம். அதனால் அட்டையைத் தனியாக நீட்டாதே. ஒரு கோப்பு தயார் செய். அட்டை, ஆதார், உன் பிறப்புச் சான்று, பத்தாவதிலிருந்து பட்டம்வரை சான்றிதழ், 2025 செப்டம்பர் விலக்கு ஆணையின் நகல், எல்லாம் வரிசையாக. மேலே ஒரு பக்கக் கடிதம்: நான் யார், எந்த ஆண்டிலிருந்து பதிவில் இருக்கிறேன், எந்த ஆணை எனக்குப் பொருந்துகிறது. அந்தக் கடிதத்தை நான் அடித்துத் தருகிறேன். மறுத்தால், எதற்காக மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேள். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். எழுத்தில் தர மாட்டார்கள் என்றுதான் நினைப்பாய். தந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் மேலே ஒருவரிடம் போய் நிற்க முடியும்.

இன்னொன்று. உன் அப்பா பெயிண்ட் அடித்துத்தான் உன்னைப் படிக்க வைத்தார். அந்த வேலையில் நீ நிற்பதைப் பற்றி வெட்கத்தோடு எழுதியிருக்கிறாய். வெட்கம் வேண்டாம். கோபம் இருக்கட்டும், அது நியாயம். 1984-இல், இலங்கையிலிருந்து அகதியாக வந்த சந்திரஹாசனும் அவரோடு வந்தவர்களும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியபோது, முகாம் பிள்ளைகளின் படிப்பைத்தான் முதல் காரியங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படிப்பு உன்வரைக்கும் வந்திருக்கிறது. அதன் பலன் உன் கைக்கு வராமல் நிற்பது உன் குறை இல்லை.

புதன், வியாழனில் வா. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடி.

“எனக்கு ஏதாவது செய்ய ஆசை. ஆனால் முகாமுக்குப் போனால் கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பணமும் என்னிடம் இல்லை. என்ன செய்யலாம்?”
— இல்லத்தரசி, திருமங்கலம்

முகாமுக்குள் போக வேண்டாம் தங்கச்சி. அவர்கள்தான் வெளியே வருகிறார்களே. உங்கள் பிள்ளையோடு படிக்கும் முகாம் பிள்ளையின் அம்மா, ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் தனியாகத்தான் போய் நிற்கிறார். கூடப் போங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் கவுன்ட்டரில் பேச்சே மாறிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படி இருக்கக் கூடாதுதான். இருக்கிறவரை நில்லுங்கள்.

அப்புறம், மனு. மக்களவைக்கு நாமே மனு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. ஒரு எம்.பி. மேலொப்பம் இட்டால் சபையில் வைக்கலாம். தமிழில் எழுதலாம், கூடவே ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், முழுப் பெயரும் முகவரியும் கட்டாயம். 2015-இல் சசி தரூர் புகலிடச் சட்டத்துக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டும், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும் என்று இரண்டே கோரிக்கையோடு ஒரு மனு அடித்து வைத்திருக்கிறேன். ‘கருணை’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

இதுவரை 212 கையெழுத்து. முகாம்காரர்களிடம் நான் வாங்கவில்லை, அவர்களுக்கு ஒரு விசாரணையும் வந்துவிடக் கூடாது. எல்லாம் நம் ஊர்க்காரர்கள், ஓட்டு இருக்கிறவர்கள். உங்கள் தெருவில் பத்துப் பேர் கிடைத்தால் தாளை அனுப்பி வைக்கிறேன். நேரில் வருவதென்றால் திங்கட்கிழமை வேண்டாம், குறைதீர் நாள், கூட்டம் தாங்காது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள்.